கணிதம் ஒன்றா, பலவா? – 11: தலைப்புப் பக்கத்திலிருந்து நீக்கப்பட்ட பெயர்

சென்ற வாரம் நாம் நிறுத்திய இடம் 1888. கொனிக்ஸ்பெர்க்கில் இருந்த இளம் ஹில்பர்ட், 20 ஆண்டுகளாக யாருக்கும் பிடிபடாத ஒரு கணக்குக்கு விடை உண்டு என்று நிரூபித்தார். ஆனால் விடையைக் காட்டவில்லை. அது இருந்தே தீர வேண்டும் என்பதுதான் அவர் வாதம்.

பெர்லினில் இருந்த க்ரோனெக்கருக்கு இந்த மாதிரி வாதங்கள் ஆகாது. எண்ணி முடிக்கக்கூடிய படிகளில் கட்டிக் காட்டாத எதையும் அவர் கணிதமாக ஏற்கவில்லை. 1891-ல் அவர் இறந்தார். கான்டரின் முடிவிலிக் கணங்கள் பாடத்திட்டங்களுக்குள் நுழைந்தன. ஹில்பர்ட் கோட்டிங்கனுக்குப் போய் உலகக் கணிதத்தின் தலைமகன் ஆனார். வழக்கு முடிந்துவிட்டது என்று ஐரோப்பா நினைத்தது.

முடியவில்லை. 37 ஆண்டுகள் கழித்து அதே வழக்கு ஒரு தந்தியாக வந்து கதவைத் தட்டியது.

* * *

லாரனில் ஒரு தந்தி

1928 அக்டோபர் 27. ஆம்ஸ்டர்டாமுக்குத் தென்கிழக்கே லாரன் என்ற சிற்றூர். அங்கு வசித்த பேராசிரியர் ப்ரௌவருக்கு பெர்லினிலிருந்து ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் கணிதவியலாளர் எர்ஹார்ட் ஷ்மிட்.

கரதியோடரியோடு பேசும்வரை எதுவும் செய்துவிட வேண்டாம். உங்களுக்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் தோன்றுவது வேறு, உண்மை நிலை வேறு. கரதியோடரி நேரிலேயே வருகிறார். தந்தியின் சாரம் இதுதான்.

கடிதங்கள் கோட்டிங்கனிலிருந்து வந்திருந்தன. ப்ரௌவர் அவற்றைப் பிரிக்கவில்லை. மூன்று நாள் காத்திருந்தார்.

அக்டோபர் 30-ல் கரதியோடரி வந்து சேர்ந்தார். கிரேக்க வம்சாவளியைச் சேர்ந்த பெரிய கணிதவியலாளர் அவர். ஹில்பர்ட்டுக்கும் நண்பர், ப்ரௌவருக்கும் நண்பர். அன்று அவர் சுமந்து வந்த வேலை இரண்டு நட்பில் ஒன்றையாவது முறிக்கும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.

ஹில்பர்ட்டின் கடிதம் சுருக்கமானது. அடிப்படைகளைப் பற்றிய நம் கருத்துகள் ஒத்துப்போகாததால் உங்களோடு சேர்ந்து பணியாற்ற என்னால் இயலாது. சக ஆசிரியர்களான புளூமென்தால், கரதியோடரி இருவரின் ஒப்புதலோடு, இனி 'மத்தமாட்டிஷே அன்னாலன்' இதழின் தலைப்புப் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்காது என்று தெரிவிக்கிறேன். இவ்வளவுதான் அதில் இருந்தது.

1868-ல் தொடங்கிய அன்னாலன் அன்றைக்கு உலகின் முதல்தரக் கணித இதழ். அதில் ஒரு கட்டுரை வந்தால் ஒருவரின் வாழ்க்கையே மாறும். அதன் ஆசிரியர் குழுவில் ப்ரௌவர் 1914 முதல் இருந்தவர்.

அவரை ஏன் நீக்க வேண்டும்? அவர் செய்த குற்றம்தான் என்ன?

* * *

கோட்டையைக் கட்டியவரே கேட்ட கேள்வி

எல்.இ.ஜே. ப்ரௌவர் 1881-ல் பிறந்தவர். 1907-ல் ஆம்ஸ்டர்டாமில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். கணிதம் மனித மனத்தில் கட்டப்படுவது. மொழியும் தர்க்கமும் அதன் பின்னால் வருபவை. இதுதான் அந்த ஏட்டின் உயிர்க் கருத்து. அடுத்த ஆண்டே இன்னும் ஒரு படி மேலே போனார். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து யாரும் சந்தேகிக்காத தர்க்க விதிகளை நம்ப முடியாது என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுதினார்.

எழுதிவிட்டு, கொஞ்ச காலம் அந்தப் பேச்சையே விட்டார். 1909 முதல் 1913 வரை இடவியலில் அவர் செய்த வேலை அந்தத் துறையின் முகத்தையே மாற்றியது. வட்டத்தட்டு ஒன்றை எப்படி நெளித்து, சுருக்கி, கிழிக்காமல் அதன் மேலேயே மறுபடி பரப்பினாலும், இடம் மாறாத புள்ளி ஒன்றாவது இருக்கும் என்ற அவருடைய தேற்றம் இன்று பொருளாதாரம் வரை பயன்படுகிறது. 1912-ல் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கப் பரிந்துரைக் கடிதம் எழுதியவர்களில் ஹில்பர்ட்டும் ஒருவர். 1919-ல் கோட்டிங்கனிலேயே ஒரு பதவி தர முன்வந்தார்கள். ப்ரௌவர்தான் போகவில்லை.

ஆக, இவர் வாசலில் நின்று கல்லெறிந்தவர் அல்ல. கோட்டையின் ஒரு சிறகையே கட்டியவர்.

பதவி கைக்கு வந்ததும் பழைய கேள்விக்குத் திரும்பினார். அந்த நிலைத்த புள்ளித் தேற்றத்தின் தன் சொந்த நிரூபணமே தன் புதிய அளவுகோலில் தேறாது என்பது அவருக்குத் தெரியும். புள்ளி இருக்கிறது என்று அது சொல்கிறது. எங்கே என்று காட்டும் வழியைத் தரவில்லை. புகழ் தேடித்தந்த தேற்றத்தையே பணயம் வைக்க அவர் தயாராக இருந்தார். அந்த நேர்மையை மதிக்காமல் இந்தக் கதையைப் புரிந்துகொள்ள முடியாது.

* * *

பையின் இலக்கங்களுக்குள்

ப்ரௌவர் கை வைத்தது ஒரே ஒரு விதியில். ஒரு கூற்று உண்மை, அல்லது அதன் மறுப்பு உண்மை. நடுவில் வேறொன்று இல்லை. இதை நடுவிலக்கு விதி என்று சொல்லலாம்.

இதில் என்ன தவறு இருக்க முடியும்? அவருக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு பை. 3.14159 என்று முடிவில்லாமல் நீளும் அந்த எண்ணில், 0123456789 என்ற பத்து இலக்கங்கள் இதே வரிசையில் எங்காவது வருமா?

1920-களில் யாருக்கும் தெரியாது. வில்லியம் ஷாங்க்ஸ் 1873-ல் கையால் போட்ட 707 இலக்கங்கள்தான் அப்போதைய எல்லை. அதிலும் 527-க்குப் பிறகு பிழை என்பது 1940-களில்தான் தெரிந்தது.

"நமக்குத் தெரியாவிட்டால் என்ன? ஒன்று வரும், அல்லது வராது" என்று மரபான கணிதவியலாளர் சொல்வார். முடிவில்லாத அந்த வரிசை முழுவதும் எங்கோ எழுதப்பட்டுக் கிடக்கிறது, நாம் இன்னும் படித்து முடிக்கவில்லை என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது.

ப்ரௌவருக்கு அந்த நம்பிக்கை இல்லை. முடிவிலி என்பது முடிந்த பொருள் அல்ல, நடந்துகொண்டிருக்கும் செயல். வருகிறது என்றால் இடத்தைக் காட்டு. வராது என்றால், வருவதாக எடுத்துக்கொண்டால் முரண்பாடு வருமென்று காட்டு. இரண்டும் கையில் இல்லாதபோது 'இரண்டில் ஒன்று உண்மை' என்று எதை வைத்துச் சொல்கிறாய்? பத்துப் பொருள் உள்ள பெட்டியில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கலாம். அங்கே நடுவிலக்கு விதி சரி. தேடி முடிக்கவே முடியாத இடத்துக்கு அதே விதியை எடுத்துப்போனது மனிதர்களின் பழக்கம், நிரூபணம் அல்ல.

1997-ல் ஜப்பானின் கனடா யசுமாசா குழு கணினியால் பையை நீட்டிக்கொண்டே போனபோது அந்த வரிசை கிடைத்தது: 1,738 கோடியே 75 லட்சத்து 94 ஆயிரத்து 880-ஆவது இலக்கத்தில் தொடங்குகிறது. அந்த ஒரு கேள்வி தீர்ந்தது. ப்ரௌவரின் கேள்வி தீரவில்லை. பத்து இலக்கத்துக்குப் பதில் ஆயிரம் இலக்கம் கொண்ட வரிசையைக் கேளுங்கள், மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

* * *

ஒரே கூற்று, இரண்டு நிரூபணம்

பிரச்சினையை இன்னும் கிட்டத்தில் பார்க்க, பிற்காலத்தில் பாடநூல்களுக்கு வந்துசேர்ந்த ஓர் எடுத்துக்காட்டு உதவும். பள்ளிக் கணிதம் போதும்.

கூற்று இது: ஒரு விகிதமுறா எண்ணை இன்னொரு விகிதமுறா எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால், விகிதமுறு எண் வரக்கூடும்.

முதல் நிரூபணம். √2 விகிதமுறா எண். √2-ஐ √2 என்ற அடுக்குக்கு உயர்த்துவோம். வருகிற எண் விகிதமுறு எண்ணாக இருந்தால், நாம் தேடிய ஜோடி கிடைத்துவிட்டது. இல்லையென்றால், வந்த எண்ணையே மறுபடி √2 அடுக்குக்கு உயர்த்துவோம். அடுக்குகள் பெருகி, √2-இன் வர்க்கம், அதாவது 2 கிடைக்கும். 2 விகிதமுறு எண். ஆக, எப்படிப் பார்த்தாலும் ஜோடி உண்டு. நிரூபணம் முடிந்தது.

மூன்று வரியில் முடிந்துவிடும் அழகான வாதம். ஆனால் அந்த ஜோடி எது? முதலாவதா, இரண்டாவதா? நிரூபணம் வாய் திறக்கவில்லை. 'இரண்டில் ஒன்று' என்ற இடத்தில்தான் நடுவிலக்கு விதி உள்ளே வந்தது.

இரண்டாவது நிரூபணம். 2-இன் எந்த அடுக்கு 9-ஐத் தரும்? அந்த அடுக்கு, 2-ஐ அடிமானமாகக் கொண்ட 9-இன் மடக்கை. அது விகிதமுறு எண்ணாக இருந்தால், 2-இன் ஏதோவொரு முழு அடுக்கும் 9-இன் ஏதோவொரு முழு அடுக்கும் சமமாக வேண்டும். ஒன்று இரட்டைப்படை, மற்றது ஒற்றைப்படை, ஒருக்காலும் சமமாகாது. ஆகவே அது விகிதமுறா எண். இப்போது √2-ஐ அதே அடுக்குக்கு உயர்த்துங்கள். 9-இன் வர்க்கமூலம், அதாவது 3 வருகிறது.

இதோ ஜோடி. கையில் எடுத்துப் பார்க்கலாம். ப்ரௌவரும் இதை மறுக்கமாட்டார்.

முதல் நிரூபணம் பொய்யா? இல்லை. அது தருவது வேறு, இரண்டாவது தருவது வேறு. ஒன்று 'இல்லாமல் போக முடியாது' என்ற உறுதி. மற்றது 'இதுதான்' என்ற பொருள். நிரூபணம் என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வெவ்வேறு சாதனைகள் இருந்திருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகள் பிரித்துப் பார்க்காத ஒன்றைப் பிரித்துக் காட்டியதுதான் ப்ரௌவரின் உண்மையான கொடை.

அதை அவர் கொடையாக மட்டும் வைத்திருந்தால், அந்தத் தந்தி வந்திருக்காது. தன் வழி மட்டுமே கணிதம், மற்றதற்குப் பொருளே இல்லை என்றார் அவர். அதுவும் பன்மையை மறுப்பதுதான்.

* * *

ஹில்பர்ட்டின் அச்சம்

ஹில்பர்ட்டின் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும்.

நடுவிலக்கு விதியை எடுத்துவிட்டால் பகுப்பாய்வில் பாதி ஆட்டம் காணும். எந்த மெய்யெண்ணும் பூஜ்ஜியத்துக்குச் சமம், அல்லது பெரியது, அல்லது சிறியது என்ற முதல் வகுப்புப் பாடமே நிற்காது. கான்டர் திறந்துவிட்ட உலகம் முழுவதும் மூடப்படும். தன் வாழ்நாள் வேலையையே யாரோ வந்து செல்லாது என்று அறிவிப்பதாக ஹில்பர்ட் உணர்ந்தார். க்ரோனெக்கரின் தடைகள் வேறு உருவில் திரும்பி வருவதாகவே அவருக்குத் தோன்றியது.

காயம் ஆழமாகப் பட்டது 1921-ல். ஹெர்மன் வைல் அவருடைய மாணவர்களிலேயே முதன்மையானவர். அவர் கணிதத்தின் அடிப்படைகளில் புதிய நெருக்கடி வந்துவிட்டதாக ஒரு கட்டுரை எழுதி, ப்ரௌவர்தான் புரட்சி என்று வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த ஆண்டு வெளியான கட்டுரையில் ஹில்பர்ட் பதில் சொன்னார்: இது புரட்சி இல்லை, ஆட்சியைக் கவிழ்க்கும் வெற்று முயற்சி. முடியாட்சி வீழ்ந்து, ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிகளைக் கண்ணால் கண்டிருந்த ஜெர்மனியில் அந்தச் சொற்களின் சூடு எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அவர் திட்டிவிட்டு நிற்கவில்லை. பதிலாக ஒரு பெரிய திட்டத்தை முன்வைத்தார். கணிதம் முழுவதையும் குறியீடுகளின் வரிசைகளாக, விதிகளின்படி நகரும் கோவைகளாக எழுதிவிடலாம். முடிவிலியைப் பற்றிய வாக்கியமும் தாளில் எழுதும்போது முடிவுள்ள வரிசைதான். அந்த விதிகளை எவ்வளவு தூரம் ஓட்டினாலும் 0 = 1 என்ற வரி ஒருநாளும் வராது என்று நிரூபித்துவிட்டால் போதும்; மரபுக் கணிதம் முழுவதும் காப்பாற்றப்படும்.

அந்த நிரூபணத்தை எதைக் கொண்டு செய்வது? முடிவுள்ள, கண்ணால் சரிபார்க்கக்கூடிய படிகளை மட்டும் கொண்டு. ப்ரௌவரே மறுக்க முடியாத படிகள் அவை.

ஹில்பர்ட் எதிராளியின் தராசிலேயே தன் பொருளை நிறுத்துக்காட்ட ஒப்புக்கொண்டார் என்பது இதன் பொருள். இருவரும் நினைத்ததைவிட அவர்கள் நெருங்கியிருந்தார்கள்.

ப்ரௌவர் அதைக் கவனித்தார். 1928-ல் வெளியான ஒரு கட்டுரையில், ஹில்பர்ட்டின் வழியான வடிவவாதம், தன் வழியான உள்ளுணர்வுவாதத்திடமிருந்து எடுத்துக்கொண்ட நான்கு கருத்துகளைப் பட்டியலிட்டார். கடன்பட்டவர்கள் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்கள், அதை ஒப்புக்கொண்டால் சண்டையே முடிந்துவிடும் என்பது அதன் தொனி. சமாதானத்துக்கான கதவு அது. அதைத் திறந்த விதம் மட்டும் குற்றப்பத்திரிகை போல இருந்தது.

* * *

போலோன்யாவின் பிளவு

இந்த இடத்தில் கணிதத்துக்கு வெளியிலிருந்து இரண்டு ஓடைகள் கதைக்குள் பாய்கின்றன.

ஒன்று, உலகப் போரின் மிச்சம். 1920-ல் ஸ்ட்ராஸ்பர்க், 1924-ல் டொரன்டோ என இரண்டு உலகக் கணித மாநாடுகளிலும் ஜெர்மானியர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. 1928 செப்டம்பரில் இத்தாலியின் போலோன்யாவில் முதன்முறையாக எல்லோருக்கும் அழைப்பு. போகலாமா?

ப்ரௌவர் டச்சுக்காரர். ஆனால் ஜெர்மானியர்களுக்கு நேர்ந்த அவமதிப்பைத் தன் அவமதிப்பாக எடுத்துக்கொண்டவர். அவர்களை விலக்கி வைத்த கணிதச் சங்கத்தின் நிழல் இன்னும் அந்த மாநாட்டின் மேல் இருக்கிறது, போகக் கூடாது என்று ஜெர்மானிய நண்பர்களுக்கு எழுதினார். பெர்லினில் கணிதவியலாளர் பீபர்பாக் அவரோடு நின்றார். கணிதத்துக்கு இனமும் எல்லையும் இல்லை, போக வேண்டும் என்றார் ஹில்பர்ட். அறுபதுக்கும் மேற்பட்ட ஜெர்மானியக் கணிதவியலாளர்களைத் தானே அழைத்துச் சென்றார். அவர்கள் உள்ளே நுழைந்தபோது அவையே எழுந்து நின்று கைதட்டியது என்று ஹில்பர்ட்டின் வாழ்க்கை வரலாறு பதிவு செய்கிறது.

இங்கே நன்றாகப் பாருங்கள். நிரூபணத்தில் பல வழிகளுக்கு இடம் தராதவர் என்று நாம் ஹில்பர்ட்டைக் குறை சொல்லலாம். ஆனால் நாடுகளுக்கு இடையே கதவைத் திறந்தவர் அவர்தான். ஒரு மனிதர் எல்லா அறைகளிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

இரண்டாவது ஓடை, நோய். 1925-ல் ஹில்பர்ட்டுக்குக் கொடிய இரத்தசோகை என்று தெரிந்தது. அப்போது அதற்கு மருந்து இல்லை. மறு ஆண்டே பாஸ்டனில் மினாட்டும் மர்ஃபியும் ஈரல் உணவு இந்நோயைக் கட்டுப்படுத்தும் என்று கண்டுபிடிக்க, பச்சை ஈரலும் பிறகு ஈரல் சாறும் அவர் உயிரைப் பிடித்து வைத்தன. போலோன்யாவிலிருந்து திரும்பியபோது உடல்நிலை மறுபடி மோசமாகியிருந்தது. வயது 66.

தான் போய்விட்டால் அன்னாலன் யார் கைக்குப் போகும்? இந்தக் கேள்வி அவரை அரித்தது. ஆசிரியர் குழுவில் ஆற்றலும் பிடிவாதமும் மிக்கவர் ப்ரௌவர். இதழை அவர் கைப்பற்றி, தன் அளவுகோலில் தேறாத கட்டுரைகளை ஒதுக்கிவிட்டால்? அப்படிச் செய்யப்போவதாக ப்ரௌவர் எங்கும் சொல்லவில்லை. தன்னிடம் வந்த கட்டுரைகளை மிகக் கவனமாக, மிக மெதுவாகப் படித்தார் என்ற மனக்குறை மட்டும் குழுவில் இருந்தது. உள்ளுணர்வுவாதத்தை ஏற்காதவர்களின் கட்டுரைகளை அதற்காக மறுத்தார் என்ற குற்றச்சாட்டு இல்லை.

நடக்காத ஒன்றைப் பற்றிய அச்சம்தான் அக்டோபரில் கடிதமாக மாறியது.

* * *

தவளை எலிப் போர்

லாரனில் கரதியோடரி ப்ரௌவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ஹில்பர்ட்டின் உடல்நிலையை நினைத்து, எதிர்க்காமல் பொறுத்துப் போங்கள்.

ப்ரௌவர் மறுத்துவிட்டார். 14 ஆண்டுகள் செய்த வேலைக்கு இப்படியொரு முடிவா? நவம்பர் தொடக்கத்தில் பதிப்பாளர் ஃபெர்டினாண்ட் ஷ்பிரிங்கருக்கும் குழுவினர் அனைவருக்கும் நீண்ட கடிதம் எழுதினார். பெர்லினுக்குப் போய், பீபர்பாக்கோடு ஷ்பிரிங்கரின் அலுவலகத்திலேயே பேசினார். வழக்கு வரை போகலாம் என்ற பேச்சும் எழுந்தது.

அன்னாலனின் முதன்மை ஆசிரியர்கள் நால்வர்: ஹில்பர்ட், புளூமென்தால், கரதியோடரி, ஐன்ஸ்டைன். நால்வரில் ஹில்பர்ட்டின் முடிவுக்கு ஒப்புதல் தராதவர் ஐன்ஸ்டைன் மட்டுமே. அதற்காக அவர் ப்ரௌவரின் பக்கமும் சாயவில்லை. இரு தரப்பும் மாறி மாறி எழுதியும் அசையவில்லை. இந்தச் சண்டைக்குப் பழைய கிரேக்க நகைச்சுவைக் காவியத்தின் பெயரைச் சூட்டி, தவளைகளுக்கும் எலிகளுக்கும் நடக்கும் போர் என்று நண்பர் மாக்ஸ் போர்னுக்கு எழுதினார்.

ஐன்ஸ்டைனுக்கு அது சிறு சண்டையாகப் பட்டது. ஆனால் அங்கே முடிவு செய்யப்படவிருந்தது பெரிய கேள்வி: அடிப்படைகளில் மாற்றுக் கருத்து கொண்டவர், அந்தத் துறையின் வாசலைக் காக்கும் குழுவில் இருக்கலாமா, கூடாதா?

ஒருவரை மட்டும் நீக்குவது சட்டப்படி சிக்கல் என்று தெரிந்ததும் வேறு வழி கண்டார்கள். ஆசிரியர் குழு முழுவதையும் கலைத்தார்கள். 1929-ல் வந்த தொகுதியின் தலைப்புப் பக்கத்தில் ஹில்பர்ட், உடன் புளூமென்தால், ஹெக்கே ஆகிய பெயர்கள் மட்டுமே இருந்தன. ஐன்ஸ்டைனின் பெயர் இல்லை. கரதியோடரியின் பெயரும் இல்லை. ஒரு பெயரை எடுக்க, கிட்டத்தட்ட எல்லாப் பெயர்களையும் எடுக்க வேண்டி வந்தது.

ப்ரௌவர் நொறுங்கிப் போனார். 1934-ல் 'கம்போசிட்டியோ மத்தமாட்டிக்கா' என்ற தனி இதழ் அவர் முயற்சியில் வெளிவரத் தொடங்கியது. ஆனால் 1928-க்கு முன் இருந்த வேகம் அவர் எழுத்துக்குத் திரும்பவே இல்லை.

* * *

எது தீர்ந்தது? எது தீரவில்லை?

பதவிச் சண்டையில் ஹில்பர்ட் வென்றார். கணிதக் கேள்வி இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

ஒரு நிரூபணம் சரியா என்பதை வரி வரியாகச் சோதிக்கலாம். எதை நிரூபணம் என்று ஏற்பது என்ற கேள்வியை அப்படிச் சோதிக்க முடியாது. எந்த நிரூபணமும் அதற்கு முன்பே ஏதோவொரு பதிலை எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. ஆகவே அது வாதிட்டு, ஒப்பிட்டு, ஒவ்வொரு வழியும் எதைத் தருகிறது, எதை இழக்கிறது என்று நிறுத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. தலைப்புப் பக்கத்தில் ஒரு பெயரை அடிப்பது இதில் எதையும் செய்வதில்லை. 1928-ன் பாடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சான்று, சண்டையின் சத்தம் அடங்குவதற்குள்ளேயே வரத் தொடங்கியது. ப்ரௌவரின் மாணவர் ஆரெண்ட் ஹெய்ட்டிங், ஆசிரியரின் தர்க்கத்தையே துல்லியமான குறியீட்டு விதிகளாக எழுதி 1930-ல் வெளியிட்டார். மொழியை நம்பாத ப்ரௌவரின் கருத்தை ஹில்பர்ட்டின் கருவியால் எழுதிய வேலை அது. ரஷ்யாவில் கொல்மகோரோவும் க்ளிவென்கோவும் இரண்டு தர்க்கங்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பு விதிகளைக் கண்டார்கள். ஒரு தரப்பின் வாக்கியத்தை மற்றதில் எப்படி வாசிப்பது என்று இப்போது சொல்ல முடிந்தது. சண்டை போட்ட இருவராலும் முடியாததை, அவர்களைப் படித்த இளைஞர்கள் அமைதியாகச் செய்தார்கள்.

வைல் கூட நடுவில் வந்து நின்றார். 1927-ல் ஹாம்பர்க்கில், ஹில்பர்ட்டின் முன்னிலையிலேயே ப்ரௌவரின் பங்களிப்புக்காகப் பேசினார். அதே மூச்சில் ஹில்பர்ட்டின் திட்டத்தின் பெருமையையும் ஏற்றார். 1930-ல் ஹில்பர்ட்டின் நாற்காலிக்கு வந்ததும் அவரே.

இன்று, கோக் என்ற பெயரில் நெடுநாள் அறியப்பட்ட நிரூபண மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இது அன்றாட விஷயம். அதன் அடித்தளத் தர்க்கத்தில் நடுவிலக்கு விதி இல்லை. வேண்டுமானால் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தால் எந்தத் தேற்றம் அதை நம்பி நிற்கிறது என்று மென்பொருளே காட்டும். இரண்டு வழிகளும் ஒரே மேசையில், எது எதற்கு என்ற குறிப்போடு இருக்கின்றன.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 'கணிதத்தில் பல வழிகள் உண்டு' என்ற அதே சொற்களை, சில ஆண்டுகளில் வேறொருவர் எடுத்துக்கொண்டார். ப்ரௌவரோடு ஷ்பிரிங்கரின் அலுவலகத்துக்குப் போன அதே பீபர்பாக், 1934-ல் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கணித நடை உண்டு என்று பேசி, யூதப் பேராசிரியர் லாண்டாவை மாணவர்கள் வகுப்பிலிருந்து விரட்டியதை நியாயப்படுத்தினார். அன்னாலனைப் பல ஆண்டுகள் தோளில் சுமந்த யூதரான புளூமென்தால், 1944-ல் தெரேசியன்ஸ்டாட் முகாமில் உயிரிழந்தார். நிரூபணத்தைப் பார்ப்பதை விட்டு, நிரூபிப்பவரின் பிறப்பைப் பார்ப்பது பன்மை அல்ல. அந்தக் கொடிய திரிபைத் தனி அத்தியாயத்தில் பார்ப்போம்.

* * *

கொனிக்ஸ்பெர்க்கை நோக்கி

ஆக, 1929-ல் நிலவரம் இது. இதழ் ஹில்பர்ட்டின் கையில். எதிராளி ஒதுங்கிவிட்டார். ஆனால் ஹில்பர்ட் உலகத்துக்குக் கொடுத்த வாக்கு இன்னும் கடனாகவே நிற்கிறது: மரபுக் கணிதத்தில் முரண்பாடு வராது என்பதற்கு, முடிவுள்ள படிகளால் ஆன ஒரு நிரூபணம்.

அந்தக் கடனை அடைத்துவிட்டால் ப்ரௌவரின் எதிர்ப்புக்கு வேலையே இல்லை. அடைக்க முடியாமல் போனால், கணிதத்துக்கு ஒரே அடித்தளம் என்ற கனவின் கதி?

1930 செப்டம்பர். ஹில்பர்ட் வளர்ந்த கொனிக்ஸ்பெர்க்கில் ஒரு கருத்தரங்கு. கணித அடிப்படைகளின் மூன்று சிந்தனைப் பள்ளிகளுக்கும் ஒரே மேடை: கணிதத்தைத் தர்க்கத்திலிருந்தே எழுப்பும் தர்க்கவாதத்துக்காகக் கார்னாப், உள்ளுணர்வுவாதத்துக்காக ஹெய்ட்டிங், ஹில்பர்ட்டின் வடிவவாதத்துக்காக ஃபான் நாய்மன். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரே தலைப்புப் பக்கத்தில் இருக்க முடியாத கருத்துகள் இப்போது அடுத்தடுத்துப் பேசுகின்றன.

கடைசி நாள் விவாதத்தில், வியன்னாவிலிருந்து வந்த 24 வயது இளைஞர் ஒருவர் எழுந்து சில வாக்கியங்கள் சொல்கிறார். பெயர் குர்ட் கோடல். அறையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிக்கவே இல்லை. ஃபான் நாய்மன் மட்டும் அவரைத் தனியே அழைத்து விசாரிக்கிறார்.

கோடல் சொன்னது என்ன? அது ஹில்பர்ட்டின் வாக்கைக் காப்பாற்றியதா, அல்லது அந்த வாக்கை எவராலும் காப்பாற்ற முடியாது என்று காட்டியதா?

(தொடரும்)